வானூர்தியும் மனிதப் பிழையும்

பெங்களூரில் பயிலும் நமக்கு விமானத்தின் ஓசை புதிதன்று. விரிவுரையின் நடுவே தலைக்கு மேல் இரைச்சல் எழும். ஆசிரியர் ஒரு கணம் நிறுத்துவார். ஓசை தேய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அண்ணாந்து பார்க்கும் பழக்கத்தைக்கூட நம்மில் பலர் என்றோ விட்டுவிட்டோம்.

ஆயினும் ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள், நண்பர்களே! அந்த விமானத்தின் ஒவ்வொரு திருகாணியையும் யாரோ ஒருவர் தம் கையால் முடுக்கியிருக்கிறார். அவர் நேற்று நன்றாக உறங்கினாரா? அவர் வேலை செய்த இடத்தில் போதிய வெளிச்சம் இருந்ததா? பாதி வேலையில் யாராவது அவரைக் கூப்பிட்டார்களா? ‘இது சரியில்லை’ என்று அவருக்குத் தோன்றியிருந்தால், அதை மேலதிகாரியிடம் சொல்லும் துணிவு அவருக்கு இருந்ததா?

இவையெல்லாம் வெறும் நலம் விசாரிப்புகள் அல்ல. நூற்றுக்கணக்கானோரின் உயிர் தொங்கும் கேள்விகள். இவற்றை ஆராய்ந்து, விமானப் பராமரிப்புத் தொழிலாளர்களுக்குக் கற்பிக்க ஒரு தனிப் பாடமே உண்டு. ஆங்கிலத்தில் அதை ‘ஹியூமன் பாக்டர்ஸ்’ என்பர். தமிழில் நாம் ‘மனிதக் கூறுகள்’ என்று சொல்லலாம். அந்தப் பாடம் யாது, அது ஏன் பிறந்தது, நமக்கு அதில் என்ன பாடம் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பெங்களூரும் விமானமும்

விமானத்தைப் பழுது பார்க்கும் தொழில் இந்நகருக்கு நேற்று வந்ததன்று. 1940ஆம் ஆண்டு டிசம்பரில், வால்சந்த் ஹிராசந்தின் முயற்சியாலும் மைசூர் அரசின் துணையாலும் இங்கே இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தோன்றியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், அது அமெரிக்க இராணுவ விமானப் படையின் பொறுப்புக்கு மாறி, போர் விமானங்களைச் செப்பனிடும் பெரும் பணிமனையாயிற்று. அன்று முதல் இன்று வரை பிரித்துப் பார்ப்பதும், பழுது நீக்குவதும், மீண்டும் பூட்டுவதும் இந்நகரின் அன்றாடத் தொழில்களுள் ஒன்றாக இருந்து வருகின்றன. 1942இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் விமானப் பொறியியல் துறை தொடங்கிற்று. 1957இல் விமான மருத்துவப் பள்ளி ஒன்று அமைந்தது. அதுவே இன்று விண்வெளி மருத்துவக் கழகமாக வளர்ந்திருக்கிறது. பறக்கும் மனிதனின் உடலையும் உள்ளத்தையும் ஆராய்வதே அதன் பணி.

விமானத்தின் உடலை ஆராய ஒரு கழகம். மனிதனின் உடலை ஆராய ஒரு கழகம். இரண்டும் ஒரே ஊரில் இருப்பது பொருத்தமே. ஏனெனில், இயந்திரம் மட்டும் நன்றாக இருந்தால் போதாது என்பதை இவ்வூர் கண்ணீருடன் கற்றுக்கொண்டது. 1990ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள், பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, பழைய விமான நிலையத்தின் ஓடுபாதையை எட்டுமுன்பே கோல்ப் மைதானத்தில் விழுந்து எரிந்தது. அதில் இருந்த 146 பேரில் 92 பேர் மாண்டனர். வாங்கிச் சில மாதங்களே ஆன ஏர்பஸ் ஏ-320 அது. இறங்கும்போது எஞ்சின்கள் மிகக் குறைந்த விசையில் ஓடுவதையும், உயரமும் வேகமும் அளவுக்கு மீறிக் குறைவதையும் விமானிகள் உரிய நேரத்தில் உணரவில்லை என்று விசாரணை கூறியது.

இது விமானிகளைப் பற்றிய செய்தி. நாம் பேச வந்ததோ, விமானியின் கண்ணுக்கும் பயணியின் கண்ணுக்கும் தெரியாமல், இரவில் விமானக் கொட்டகையில் வேலை செய்யும் மனிதனைப் பற்றி.

ஒரு கண்ணாடியின் கதை

1990ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று பர்மிங்காமிலிருந்து ஸ்பெயின் நாட்டு மலகாவுக்குப் புறப்பட்டது. உள்ளே 87 பேர். 17,300 அடி உயரத்தை அடைந்தபோது, விமானி அறையின் இடப்பக்க முன் கண்ணாடி ‘படார்’ என்று பெயர்ந்து பறந்தது. உள்ளிருந்த காற்று வெளியே பீறிட, தலைமை விமானி இருக்கையிலிருந்து இழுக்கப்பட்டு இடுப்பு வரை வெளியே போய்விட்டார். பணியாளர்கள் ஓடிவந்து அவர் கால்களை இறுகப் பற்றிக்கொண்டனர். துணை விமானி அந்நிலையிலேயே விமானத்தைச் சவுதாம்ப்டனில் இறக்கினார். தலைமை விமானியும் உயிர் பிழைத்தார். பயணிகளில் ஒருவரும் இறக்கவில்லை.

கண்ணாடி ஏன் பெயர்ந்தது? முந்திய நாள் விடியற்காலையில்தான் அது மாற்றப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகள் தேவையான பருமனைவிட மெலிந்தவை. எவ்வளவு மெலிவு? ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு! எஞ்சிய ஆறும் பருமனில் சரி; நீளத்தில் குறைவு.

‘எவனோ சோம்பேறி செய்த வேலை’ என்று நமக்குச் சினம் வருகிறதல்லவா? அங்கேதான் நாம் தவறுகிறோம். அதைச் செய்தவர் அனுபவம் மிக்கவர். ஷிப்டின் பொறுப்பாளரே அவர்தாம். அன்றிரவு ஆட்கள் குறைவு. ஆகவே, வேலை தேங்கக் கூடாதென்று அந்தக் கண்ணாடியை அவரே மாற்ற முனைந்தார். கழற்றிய பழைய போல்ட்டுகள் தேய்ந்திருந்தமையால் புதியவை போடுவோம் என்று நல்லெண்ணத்துடன் எண்ணினார். பழைய போல்ட்டு ஒன்றைக் கையிலெடுத்துக்கொண்டு பண்டகசாலைக்குப் போனார். ‘இந்த வேலைக்கு இன்ன அளவுதான் வேண்டும்’ என்று பண்டகசாலைக்காரர் சொன்னார். ஆனால், ‘பழையது இதுநாள் வரை பிடித்ததல்லவா, அதே அளவு போதும்’ என்று அவர் முடிவு செய்தார். அந்த அளவிலோ போதிய எண்ணிக்கை இருப்பில் இல்லை. பிறகு மங்கிய வெளிச்சத்தில், கண்ணாலும் விரலாலும் ஒப்பிட்டு, ஒத்திருப்பதாகத் தோன்றியதை எடுத்து வந்தார். ஒத்திருந்தது போல் தோன்றியது, ஆனால் ஒத்திருக்கவில்லை.

மேலும் கேளுங்கள். கண்ணாடியை அவர் எட்டி நின்று பொருத்த வேண்டியிருந்தது. போல்ட்டின் தலை குழிக்குள் அளவுக்கு மீறி அமிழ்ந்ததை அவரால் நேரே பார்க்க முடியவில்லை. அந்த வேலையை இரண்டாம் ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்று அன்றைய விதி சொல்லவில்லை. விமானத்தினுள் காற்றழுத்தம் ஏற்றிச் சோதிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. செய்தவரே கையெழுத்திட்டார், விமானம் பறந்தது.

ஓலைக் கூரையும் ஓட்டையும்

இப்போது பிழையை யார்மேல் சுமத்துவது? மங்கிய விளக்கின்மேலா? ஆட்குறைவின்மேலா? இருப்பில்லாத பண்டகசாலையின்மேலா? சோதனை கேட்காத விதியின்மேலா? போல்ட்டைக் கண்ணால் அளந்த மனிதர்மேலா?

மான்செஸ்டர் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ஜேம்ஸ் ரீசன் 1990இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். துளைகள் நிறைந்த பாலாடைக் கட்டித் துண்டுகளை அவர் உவமையாக்கினார். நமக்கு ஓலைக் கூரையே போதும். கூரையில் கீற்றின்மேல் கீற்றாக அடுக்கி வேய்வார்கள். ஒவ்வொரு கீற்றிலும் எங்கோ ஓர் ஓட்டை இருக்கத்தான் செய்யும். மேலுள்ள ஓட்டையைக் கீழுள்ள கீற்று மறைத்துவிடும். மழை உள்ளே வராது. எல்லாக் கீற்றுகளின் ஓட்டைகளும் ஒரே நேர்க்கோட்டில் வந்து நின்றால்தான் வீட்டுக்குள் நீர் சொட்டும். விபத்தும் அத்தகையதே. கடைசிக் கீற்றாக நிற்பவர் அந்தத் தொழிலாளி. நாம் அவரை மட்டும் பிடித்துக்கொண்டு, மேலுள்ள ஓட்டைகளை அப்படியே விட்டுவிட்டால், அடுத்த மழையிலும் வீடு ஒழுகும். ஆள் மட்டும் வேறாக இருப்பார்.

மனிதக் கூறுகள் என்னும் பாடத்தின் உயிர்நாடி இதுதான். ‘பிழை செய்தவன் யார்?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘நல்லவனும் வல்லவனுமான ஒருவன் இங்கே எப்படிப் பிழை செய்ய நேர்ந்தது?’ என்று அது கேட்கிறது.

உப்புப் போட்டேனா?

பிழையிலும் வகை உண்டு. ஒரு போல்ட்டை எடுக்க நினைத்துக் கை இன்னொன்றை எடுப்பது சறுக்கல். முடுக்க வேண்டியதை முடுக்காமல் விடுவது மறதி. தெரிந்தது போல் எண்ணித் தவறான முடிவுக்கு வருவது அறிவுப்பிழை. விதியைத் தெரிந்தே மீறுவது விதிமீறல். நான்கும் வேறு, நான்குக்கும் மருந்தும் வேறு. மறதிக்காரனுக்கு மேலும் பாடம் நடத்திப் பயனில்லை. அவனுக்கு வேண்டியது ஒரு குறிப்பு அட்டை. விதியை மீறுபவனுக்குக் குறிப்பு அட்டை பயன்படாது; அவன் ஏன் மீறுகிறான், விதியைப் பின்பற்ற நேரமும் கருவியும் கொடுத்தார்களா என்று பார்க்க வேண்டும்.

மறதியை நம் வீட்டு அடுப்படியிலேயே காணலாம். சாம்பார் கொதிக்கிறது; அம்மா உப்பைக் கையில் எடுக்கிறார். வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். பேசிவிட்டுத் திரும்பி வந்ததும், ‘உப்புப் போட்டேனா, போடவில்லையா?’ என்ற ஐயம். அம்மா சுவைத்துப் பார்த்துவிடுவார். விமானத்தின் திருகாணியைச் சுவைத்துப் பார்க்க முடியாதே! ஆகையால், வேலையின் நடுவே யாராவது கூப்பிட்டுவிட்டால், திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடராமல், மூன்று படி பின்னே சென்று தொடங்கு என்று கற்பிக்கிறார்கள். முடுக்கி முடித்த போல்ட்டின்மேல் வண்ணக் கோடு இடுவதும், பாதியில் நிற்கும் வேலையின்மேல் சிவப்புப் பட்டை கட்டுவதும், கருவிப் பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வரைந்து வைத்து, எது திரும்பி வரவில்லை என்று ஒரே பார்வையில் காண்பதும் இதற்காகவே. மனித நினைவை நம்பாதே. கண்ணுக்கு ஓர் அடையாளம் வை என்பது கொள்கை.

கனடா நாட்டுப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிய கார்டன் டுபாண்ட் 1993இல் பிழைக்கு வழி கோலும் பன்னிரண்டு காரணங்களைத் தொகுத்தார். செய்தி சரிவரப் பரிமாறாமை, மெத்தனம், அறிவுக் குறை, கவனச் சிதறல், கூட்டுறவின்மை, களைப்பு, கருவியும் ஆளும் போதாமை, அவசர நெருக்கடி, எடுத்துச் சொல்லும் துணிவின்மை, மன உளைச்சல், விழிப்பின்மை, ‘எப்போதும் இப்படித்தான் செய்வோம்’ என்னும் வழக்கம் ஆகிய பன்னிரண்டு. உலகெங்கும் விமானக் கொட்டகைச் சுவர்களில் இவை படங்களாகத் தொங்குகின்றன. இவற்றுள் சிலவற்றை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம்.

கை மாறும் வேலை

1991ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் சிறு விமானம் ஒன்று வானிலேயே சிதைந்து, 14 பேரும் இறந்தனர். வாற்பகுதி இறக்கையின் முன்விளிம்பில், இடப்புற மேற்பக்கத்தில் 47 திருகாணிகள் இல்லை. முந்திய நாள் மாலை ஷிப்டில் அவற்றைக் கழற்றியிருந்தனர். வேலை முடியவில்லை, ஷிப்டு மாறிற்று. கழற்றிய செய்தி இரவு ஷிப்டுக்கு எழுத்தாலும் போகவில்லை. வாயாலும் சரியாகப் போகவில்லை. இரவு ஷிப்டினர் வலப்புற வேலையை முடித்தனர். இடப்புறம் கை வைக்கப்பட்டதே அவர்களுக்குத் தெரியாது. மேலிருந்து பார்த்தால் அல்லாமல் அந்த வெற்றிடம் தெரியாது.

நன்றாகக் கவனியுங்கள். கழற்றியவர்களுக்கும் திறமை உண்டு; பூட்டியவர்களுக்கும் திறமை உண்டு. இருவருக்கும் இடையே போக வேண்டிய ஒரே ஒரு வாக்கியம் போகவில்லை. ஆகவே, ஷிப்டு மாறும்போது வேலையின் நிலையை எழுதி ஒப்படைக்க வேண்டும். வாயாலும் சொல்ல வேண்டும். இயன்றால் இருவரும் வேலை நடக்கும் இடத்திலேயே நின்று பேச வேண்டும் என்று கற்பிக்கிறார்கள்.

பெங்களூரில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரே விமானத்தின் அடியில் தமிழர், கன்னடர், மலையாளி, தெலுங்கர், வடநாட்டார் என்று பலரும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். கையேடோ ஆங்கிலத்தில் இருக்கிறது. தாய்மொழியாக ஆங்கிலம் இல்லாதவர்களும் ஐயமின்றிப் புரிந்துகொள்ளும்படி, ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்ற வரையறையோடு, எளிய ஆங்கிலம் ஒன்றை 1980களில் ஐரோப்பிய விமானத் தொழில்துறையினர் வகுத்தனர். நல்ல ஏற்பாடு. ஆயினும் ‘எனக்கு இது விளங்கவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்’ என்று சொல்லும் வாய் இல்லாவிட்டால் எந்த எளிய மொழியும் பயன்படாது.

பழக்கமும் உறக்கமும்

1983ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், மயாமியிலிருந்து புறப்பட்ட ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தின் மூன்று எஞ்சின்களும் கடலின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எண்ணெயில் உலோகத் துணுக்கு கலந்திருக்கிறதா என்று காட்டும் சிறு கருவியை அன்று அதிகாலையில் மூன்று எஞ்சின்களிலும் மாற்றியிருந்தார்கள். மூன்றிலும் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் இல்லை. வழக்கமாக அக்கருவிகள் போர்மன் அறை அலமாரியில் வளையம் மாட்டியபடியே இருக்கும். அன்று அங்கே இல்லை, பண்டகசாலையிலிருந்து வந்தன, வளையமின்றி வந்தன. ‘புதிய வளையம் பொருத்து’ என்று வேலை அட்டையில் அச்சிட்டிருந்தது. அதற்கு நேரே கையெழுத்தும் இருந்தது! நற்பேறாக, முதலில் நிறுத்திய எஞ்சினை மீண்டும் ஓடச் செய்து விமானம் மயாமிக்குத் திரும்பியது. 172 பேரும் தப்பினர்.

பல நாள் சரியாக நடந்த வழக்கம், ஒரு நாள் நிலைமை மாறியபோது காலை வாரிவிட்டது. ‘கையெழுத்து என்பது ஒரு சடங்கு அன்று, நான் செய்தேன், என் கண்ணால் கண்டேன் என்னும் சாட்சி’ என்பது இதிலிருந்து பெறும் பாடம். ஒரே விமானத்தின் எல்லா எஞ்சின்களிலும் ஒரே வேலையை ஒரே ஆள் செய்யலாகாது என்ற நடைமுறையும் இத்தகைய பிழையைத் தடுக்கவே.

கண்ணாடி மாற்றியதும், வளையம் விடுபட்டதும் இரவின் பின்பகுதியில் என்பதைக் கவனித்தீர்களா? விமானம் பகலில் பறந்து பணம் ஈட்ட வேண்டும். ஆகவே அதைப் பழுது பார்ப்பவர் இரவில் விழிக்க வேண்டும். ஆனால் இரவு இரண்டு மணிக்கும் விடியல் ஆறு மணிக்கும் இடையே நம் உடல் உறங்கவே விரும்புகிறது. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது ஏறியவரின் திறனை ஒத்துக் குறைகிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். குடித்துவிட்டு வருபவரைக் கொட்டகைக்குள் விடமாட்டோம். உறங்காமல் வருபவரையோ ‘உழைப்பாளி’ என்று பாராட்டுகிறோம்! தேர்வுக்கு முந்திய இரவு முழுதும் விழித்துப் படிக்கும் நாமும் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

சொல்லாமல் விட்ட சொல்

பன்னிரண்டு காரணங்களுள் நம்மவர் மிகுதியும் ஆழ்ந்து எண்ண வேண்டியது, எடுத்துச் சொல்லும் துணிவின்மை என்று நான் கருதுகிறேன்.

1988ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் விமானம் ஒன்றின் மேற்கூரை 24,000 அடி உயரத்தில் பிய்ந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். உலோகத் தகடுகள் இணையும் இடத்தில் வெடிப்புகள் பரவியிருந்ததைப் பராமரிப்பின்போது கண்டுபிடிக்கவில்லை. இந்த விபத்துக்குப் பிறகே பராமரிப்புத் தொழிலாளரின் மனிதக் கூறுகளை அமெரிக்க அரசு தனியே ஆராயத் தொடங்கியது. இதில் இன்னொரு செய்தி உண்டு. ஏறும்போதே கதவருகில் ஒரு வெடிப்பைக் கண்ட பயணி ஒருவர், யாரிடமும் சொல்லாமல் உள்ளே போய் அமர்ந்துவிட்டார். ‘அவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது?’ என்றுதானே நாமும் நினைப்போம்?

நம் கருநாடகத்துக்கே வருவோம். 2010ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் எண்மரே பிழைத்தனர். பயணத்தில் நெடுநேரம் தலைமை விமானி உறங்கியிருந்தார். இறங்கும் முறை தவறு என்று கண்ட துணை விமானி, மீண்டும் மேலே போகும்படி மூன்று முறை சொன்னார். தலைவர் கேட்கவில்லை. கேளாத தலைவரை மீறித் தாமே செயற்பட இளையவர் முன்வரவும் இல்லை. விமானி அறையில் நடந்த இது, விமானக் கொட்டகையில் நாள்தோறும் நடக்கக் கூடியது.

பேச்சு தவறிப்போனால் தொழிலாளியின் உயிரே போகும் என்பதற்கும் சான்று உண்டு. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் மும்பையில், ஐதராபாதுக்குப் புறப்பட இருந்த ஏர் இந்தியா விமானத்தின் அருகே நின்ற தொழில்நுட்ப ஊழியர் ஒருவர் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு இறந்தார். தரையிலிருந்து அனுமதி கிடைத்துவிட்டதாக விமானி அறையில் கருதினர். அவரோ இன்னும் சக்கரத்தருகே நின்றுகொண்டிருந்தார்.

பெரியோரை மதிப்பது நம் பண்பு. அண்ணன் சொன்னால் தம்பி எதிர்வாதம் செய்வதில்லை. போர்மன் சொன்னால் பயிலுநர் தலையாட்டுகிறார். பண்பு நல்லதே. ஆனால் பெரியவரின் கையிலுள்ள போல்ட்டு தவறானது என்று தெரிந்தும் வாய் மூடியிருப்பது மதிப்பாகுமா? குறை கண்டால் இடித்துச் சொல்லும் துணை வேண்டும் என்று அரசனுக்கே அறிவுரை கூறியது திருக்குறள். அரசனுக்கு வேண்டியது போர்மனுக்கு வேண்டாமா? ஆகவே, எப்படிச் சொல்வது என்பதையே பயிற்சியில் கற்பிக்கிறார்கள். சினமின்றி, ஆளைக் குறை கூறாமல், கண்டதைச் சொல். உன் அச்சத்தைச் சொல். என்ன செய்யலாம் என்று சொல். ‘அண்ணே, கையேட்டில் இருக்கும் எண் வேறாக இருக்கிறது. எனக்குச் சற்று அச்சமாக இருக்கிறது. இருவரும் ஒரு தடவை பார்த்துவிடுவோமா?’ இதில் மரியாதைக் குறைவு எங்கே இருக்கிறது?

பயிற்சியும் அதன் எல்லையும்

இந்தியாவில் விமானப் பராமரிப்புக்கு அனுமதி பெற்ற நிறுவனங்கள், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிகளின்படி, தம் ஊழியர்களுக்கு இப்பயிற்சியைத் தர வேண்டும். வேலையில் சேர்ந்த ஆறு மாதங்களுக்குள் முதற்பயிற்சி. பின்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை தொடர்பயிற்சி என்பது முறை. திருகாணி முடுக்குபவருக்கு மட்டும் அன்று. திட்டமிடுபவர், பண்டகசாலைக்காரர், மேற்பார்வையாளர், மேலாளர் ஆகியோருக்கும் உண்டு. பராமரிப்புப் பொறியாளர் உரிமத் தேர்விலும் ஒன்பதாம் பாடப்பகுதி முழுவதும் மனிதக் கூறுகளே. கண், காது, நினைவு ஆகியவற்றின் எல்லைகள், வெளிச்சம், இரைச்சல், வெப்பம், களைப்பு, குழுவேலை, செய்தித் தொடர்பு, பிழையின் வகைகள் என்று அது விரிகிறது. வகுப்பில் மேலே கண்டன போன்ற நிகழ்ச்சிகளை எடுத்து, ‘நீ அங்கே இருந்திருந்தால் எந்த இடத்தில் நிறுத்தியிருப்பாய்?’ என்று கேட்டு விவாதிக்கச் செய்வது வழக்கம்.

ஆனால் இப்பயிற்சி மந்திரமன்று. காலையில் வகுப்பில், ‘ஐயம் வந்தால் வேலையை நிறுத்து’ என்று சொல்லிவிட்டு, மாலையில், ‘ஆறு மணிக்கு விமானம் புறப்பட வேண்டும், ஏன் இன்னும் முடியவில்லை?’ என்று மேலாளர் உறுமினால், தொழிலாளி எதை நம்புவார்? எரியாத விளக்கை மாற்றாமல், விழிப்பைப் பற்றிய படத்தைச் சுவரில் மாட்டுவதால் என்ன பயன்? ஆள் குறைவைத் தீர்க்காமல் களைப்பைப் பற்றிப் பாடம் நடத்துவது, பசித்தவனுக்குச் சத்துணவைப் பற்றி விரிவுரை ஆற்றுவதற்கு ஒப்பாகும். இப்பாடத்தை முதலில் கற்க வேண்டியவர்கள் மேலே அமர்ந்திருப்பவர்களே.

தண்டனையைப் பற்றியும் ஒரு சொல். கருவி ஒன்றை உள்ளே விட்டுவிட்டோமோ என்ற ஐயத்தில், விமானம் புறப்படுமுன் ஒரு தொழிலாளி தாமே ஓடிவந்து சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை வேலையிலிருந்து நீக்கினால், அடுத்த முறை யாரும் ஓடிவர மாட்டார்கள். கருவி மட்டும் பறக்கும். அதற்காக எதையும் மன்னித்துவிடுவதும் சரியன்று. குடித்துவிட்டு வந்தவரையும், செய்யாத சோதனைக்குத் தெரிந்தே பொய்க் கையெழுத்திட்டவரையும் விட்டுவிட முடியுமா? இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய கேள்வி உண்டு. ‘அதே பயிற்சி பெற்ற வேறொருவர், அதே இரவில், அதே விளக்கின் கீழே, அதே நெருக்கடியில் இருந்திருந்தால், அவரும் இதே பிழையைச் செய்திருக்கக் கூடுமா?’ ஆம் என்றால் திருத்த வேண்டியது சூழலை. இல்லை என்றால் கேட்க வேண்டியது ஆளை. இதையே நேரிய பாதுகாப்புப் பண்பாடு என்கின்றனர்.

நமக்கு என்ன?

நம்மில் சிலர் விமானப் பொறியியல் பயில்கிறோம். அவர்களுக்கு இது நாளைய தொழில். மற்றவர்களுக்கு என்ன என்று கேட்கலாம். பணிமனையில் கடைசல் இயந்திரத்தின் சக்கில் சாவியை எடுக்காமல் விசையை அழுத்தப் போன நண்பனை நான் கண்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்த முதலாண்டு மாணவன் ஒருவன், ‘அண்ணா, சாவி!’ என்று கத்தினான். அவ்வளவுதான். அந்த இரண்டு சொல் இல்லாவிடில் சாவி பறந்து யார் நெற்றியிலோ பாய்ந்திருக்கும். சிறியவன் பெரியவனைப் பார்த்துக் கத்தினான். பெரியவன் முதலில் வெட்கினான். பிறகு நன்றி சொன்னான்.

மருத்துவமும் செவிலியர் கல்வியும் பயிலும் நண்பர்களுக்கும் இது அயலான செய்தியன்று. 2008இல் உலக சுகாதார நிறுவனம் அறுவை மருத்துவத்துக்கென 19 கேள்விகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. விமானத் துறையில் நெடுங்காலமாக வழங்கிய முறையின் வழிவந்தது அது. கத்தி வைக்குமுன் மருத்துவரும் செவிலியரும் ஒருவர்க்கொருவர் பெயர் சொல்லி அறிமுகமாகிக்கொள்ள வேண்டும் என்பதும் அப்பட்டியலில் ஒன்று. ஏன் தெரியுமா? ஒரு முறை வாய் திறந்தவர்க்கு, ஆபத்து வரும்போது மறுமுறை வாய் திறப்பது எளிது.

நண்பர்களே! பிழையே செய்யாத மனிதன் பிறந்ததில்லை. இனிப் பிறக்கப் போவதுமில்லை. ஒருவர் பிழையை இன்னொருவர் கண்டு சொல்லவும், சொன்னதைக் கேட்டுத் திருத்தவும் கூடிய கூட்டத்தை உருவாக்க முடியும். அதற்கு இளையவனுக்கு வாய் வேண்டும். மூத்தவனுக்குக் காது வேண்டும். இன்று நாம் இளையவர்கள். நாளை இவ்வூர்க் கொட்டகைகளிலும் மருத்துவமனைகளிலும் ஆலைகளிலும் மூத்தவர்களாவோம். அன்று நம்மிடம் ஓடிவந்து, ‘ஐயா, ஒரு திருகாணி கணக்கில் குறைகிறது’ என்று ஒரு சிறுவன் சொல்லும்போது, நாம் முகம் சுளிப்போமா, வேலையை நிறுத்துவோமா?

அடுத்த முறை தலைக்கு மேல் விமானம் இரையும்போது, அண்ணாந்து பார்த்து இதை ஒரு கணம் எண்ணுவோம்.